போர்ட்டைத் திறந்து வைத்தது யார்?

எந்த ஃபயர்வால் நல்லது என்று யாராவது கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. கறுப்புத் திரையைத் திறந்து, திறந்திருக்கும் போர்ட்டுகளைக் காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையைப் போடுவேன். கேட்டவருக்கு எரிச்சல் வரும். அவருக்கு வேண்டியது ஒரு பெயர். பெயர் கிடைத்தால் இன்றே இறக்கிப் போட்டுவிடலாம். நானோ 0.0.0.0:135, 0.0.0.0:445 என்று ஓடும் வரிகளை உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பேன்.

மதுரையில் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பார்த்துவந்தவன். இந்தத் தையில் கடையை அக்கா மகனிடம் ஒப்படைத்துவிட்டேன். அதைச் சொல்ல இந்தக் கட்டுரை எழுதவில்லை. கடைசியாகப் போன வீடுகளில் ஒன்றில், பெங்களூரில் வேலை பார்க்கும் பையன் அப்பாவின் போனில் என்னிடம் பேசினான். "அங்கிள், ஃபயர்வால் விண்டோஸ்லயே ஃப்ரீயா வருதே, அதுக்கு எதுக்கு சர்வீஸ் சார்ஜ்?" அவன் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை, காசு கொடுத்து வாங்காதீர்கள், விண்டோஸோடு வருவது போதும் என்று, அவன் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே நான் சொல்லிக்கொண்டிருந்தேன். மீதிப் பாதிதான் எனக்கு உறுத்துகிறது.

2003 ஆகஸ்டில் தொழிலில் இருந்தவர்களிடம் பிளாஸ்டர் என்று சொன்னால் போதும், பெருமூச்சு விடுவார்கள். எக்ஸ்பி திரையில் ஒரு பெட்டி தோன்றும். அறுபது நொடியில் அணையப்போகிறது என்று எண்ண ஆரம்பிக்கும். ரன்னில் 'ஷட்டவுன் மைனஸ் ஏ' என்று அடித்து அதை நிறுத்தத் தெரிந்தவனுக்கு அந்த மாதம் தெருவில் தனி மரியாதை. மெயில் எதையும் திறக்க வேண்டாம், எதையும் கிளிக் செய்ய வேண்டாம். 135ஆம் போர்ட் வெளியே தெரிந்தால் போதும், புழு நுழைந்துவிடும். அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் ஜூலை 16ஆம் தேதியே வந்துவிட்டது, போட்டவர்தான் இல்லை. ஃபார்மட் அடித்து, எக்ஸ்பியைப் புதிதாக ஏற்றி, பேட்ச் இறக்கலாம் என்று லைனை மாட்டினால், அது இறங்கி முடிவதற்குள் மறுபடியும் அதே பெட்டி. ஒரே இயந்திரத்தைத் திரும்பத் திரும்ப ஃபார்மட் அடித்து, ஒவ்வொரு முறையும் காசு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

இத்தனைக்கும் எக்ஸ்பிக்குள்ளேயே ஃபயர்வால் இருந்தது. 2001இல் எக்ஸ்பி வந்த நாளிலிருந்து இருந்தது. அணைத்து வைத்து அனுப்பியிருந்தார்கள், அவ்வளவுதான். கனெக்‌ஷனின் ப்ராபர்ட்டீஸில், அட்வான்ஸ்டு பக்கத்தில் ஒரே ஒரு டிக்.

அந்த டிக்கை எனக்குக் காட்டியவர் எங்கள் சார். ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, மதுரையில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். "வயரை மாட்டுறதுக்கு முன்னாடி டிக்கைப் போடு. டிக்கைப் போட்டுட்டு வயரை மாட்டு" என்று ஒரே விஷயத்தை இரண்டு விதமாகச் சொல்வார். பேட்சை சிடியில் எழுதிப் பையில் வைத்திருப்பார். இன்று கேட்டால் சிரிப்பார்கள். அந்த ஆகஸ்டில் அவர் கைபட்ட இயந்திரம் எதுவும் திரும்பி வரவில்லை.

ஒரு வீட்டுக்குப் போனால் அவர் மௌஸைத் தொடும் முன்பே நெட்ஸ்டாட் போடுவார். மைனஸ் ஏஎன்ஓ சேர்த்து. லிசனிங் என்று முடியும் ஒவ்வொரு வரியையும் நீளமான கணக்கு நோட்டில் எழுதிக்கொள்வார். போர்ட் எண், அதைப் பிடித்திருக்கும் ப்ராசஸ் எண், அது எந்த புரோகிராம், அது எந்த சர்வீஸ். 127.0.0.1 என்று தொடங்கினால் அடித்துவிடுவார். அது இயந்திரம் தனக்குள்ளேயே பேசிக்கொள்வது. 0.0.0.0 என்று இருந்தால் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, "இவன் யாரு? யாருக்காகக் காத்துக்கிட்டிருக்கான்?" என்பார். எனக்குத் தெரியாது என்றால் திட்டமாட்டார், காத்திருப்பார். வீட்டுக்காரர் காபி கொண்டுவந்து, டம்ளரை எடுத்துப்போய், டிவி போட்டு உட்கார்ந்த பிறகும் காத்திருப்பார். எக்ஸ்பி ஹோமில் டாஸ்க்லிஸ்ட் கட்டளை கிடையாது. ப்ரொஃபஷனலில் இருந்து அந்தக் கோப்பை எடுத்து சிடியில் வைத்திருப்பார். எல்லா வரிக்கும் ஆள் தெரிந்த பிறகுதான் எதை விடுவது, எதை அடைப்பது என்ற பேச்சு. ஃபயர்வால் எந்தக் கம்பெனி என்பதை அவர் கடைசியில்தான் கேட்பார். பல வீடுகளில் கேட்கவே இல்லை.

அவர் நோட்டில் எழுதிய விதமாகவே நானும் எழுதிவந்தேன். அந்த நோட்டுகள் கடையில் இருக்கின்றன. அக்கா மகன் அவற்றின் மேல் பிரிண்டரை வைத்திருக்கிறான்.

பிறகு ஜோன்அலாரம் காலம் வந்தது. இலவசம், ஆங்கிலப் பத்திரிகைகள் எல்லாம் புகழ்ந்தன, எல்லோருக்கும் அதுதான் வேண்டும். உள்ளே வருவதை மட்டுமில்லாமல் வெளியே போவதையும் பிடிக்கும் என்பது அதன் பெருமை. ஒவ்வொரு புரோகிராமும் முதன்முறை வெளியே போகும்போது பெட்டி திறந்து அனுமதி கேட்கும். வீட்டுக்காரருக்கு அதில் ஒரு குஷி. நான் மாட்டிக்கொண்டதும் அங்கேதான். மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடலாம். எஸ்விசிஹோஸ்ட் வெளியே போகலாமா என்று கேட்டால் என்ன சொல்வது?

எஸ்விசிஹோஸ்ட் என்பது ஒரு புரோகிராம் இல்லை. அந்த ஒரே பெயருக்குள் விண்டோஸின் பல சர்வீஸ்கள் ஒன்றாக ஓடும். பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் அதில், ஐபி வாங்கித் தரும் டிஎச்சிபி அதில், அப்டேட்டும் அதில். கூடாது என்று அழுத்தினால் நெட் நிற்கும். மறுநாள் காலை போன் வரும். சரி என்று அழுத்தினால், அந்தப் பெயரின் நிழலில் ஒளிந்திருக்கும் எதுவும் போகலாம். வைரஸ் எழுதுகிறவர்களுக்கு இது தெரியாதா? அதே பெயரை, ஓர் எழுத்து மட்டும் மாற்றி, தங்கள் கோப்புக்கு வைத்தார்கள். அதைவிடக் கெட்டிக்காரர்கள் பிரவுசரையே பிடித்து அதன் வழியாக வெளியே போனார்கள். பிரவுசருக்குத்தான் நாம் முதல் நாளே அனுமதி கொடுத்துவிட்டோமே.

இந்த ஒரு கேள்வியோடு நான் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினேன். கெரியோ ஃபயர்வாலில் போர்ட்வாரியாக விதி எழுதிப் பார்த்தேன்: எஸ்விசிஹோஸ்டுக்கு 53 மட்டும், அதுவும் இன்ன டிஎன்எஸ் முகவரிக்கு மட்டும், 67, 68 டிஎச்சிபிக்கு, அப்டேட்டுக்கு 80, 443. அழகாக வேலை செய்தது. நெட் கம்பெனி டிஎன்எஸ் முகவரியை மாற்றிய அன்று எல்லா வீட்டிலிருந்தும் போன். வாடிக்கையாளருக்கு என் விதியின் அழகு தெரியுமா? அவருக்குத் தெரிந்ததெல்லாம் மகனோடு யாஹூவில் பேச முடியவில்லை என்பதுதான். 2017இல் விண்டோஸ் 10 அந்தச் சர்வீஸ்களைத் தனித்தனி ப்ராசஸாகப் பிரித்தது, மெமரி 3.5 ஜிபிக்கு மேல் இருந்தால். நான் பல வருஷம் கேட்டது கிடைத்தது. கிடைத்தபோது அதற்கு மதிப்பில்லை. எல்லாப் போக்குவரத்தும் 443 என்ற ஒரே வாசலில், பூட்டிய உறைக்குள் போகத் தொடங்கியிருந்தது. நல்லதும் 443, கெட்டதும் 443.

பெட்டி வாங்கி மாட்டிவிட்டால் பாதுகாப்பு என்று நினைத்தவர்களுக்கு அந்தப் பெட்டிகளே பாடம் சொல்லின. 2004 மார்ச்சில் விட்டி என்று ஒரு புழு வந்தது. பிளாக்ஐஸ் ஃபயர்வால் போட்டிருந்த இயந்திரங்களைத் தேடிப் பிடித்து, ஹார்ட் டிஸ்க்கில் கண்ட இடத்தில் எழுதி நாசம் செய்தது. ஃபயர்வாலே இல்லாதவன் அன்று தப்பித்தான். 2008 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் ஒரு டிஎன்எஸ் பேட்ச் விட்டது. கேள்வி கிளம்பும் போர்ட்டை ஒவ்வொரு முறையும் மாற்றிப்போடுகிற முக்கியமான திருத்தம் அது. ஜோன்அலாரம் அதைப் புரிந்துகொள்ளாமல் மறித்துவிட, இரண்டையும் போட்டிருந்தவர்களுக்கு நெட் போய்விட்டது. பேட்சை நீக்கினால் சரியாகிவிடும் என்று பலர் நீக்கினார்கள். நெட் வந்தது, ஓட்டையும் வந்தது. ஜோன்அலாரத்தில் இன்டர்நெட் ஜோனை ஹையிலிருந்து மீடியத்துக்கு இறக்கினால் புது வெர்ஷன் வரும்வரை சமாளிக்கலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? சைகேட் ஃபயர்வாலை 2005இல் சிமான்டெக் வாங்கி மூடியது. அவுட்போஸ்ட் ஃபயர்வாலும் 2015இல் முடிந்தது. இப்போது யாராவது காசு கொடுத்துத் தனியாக ஃபயர்வால் வாங்கட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். ஆன்டிவைரஸோடு சேர்த்து விற்பதும் வேண்டாம். சந்தா முடிந்த பிறகு அந்த ஃபயர்வால் என்ன நிலையில் இருக்கிறது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை.

விண்டோஸுடையது 2004 ஆகஸ்டில், எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2இல், தானாகவே ஆன் ஆகி வரத் தொடங்கியது. அன்றிலிருந்து வீட்டுக்கு அது போதும். ஆனால் அதை வைத்திருக்கத் தெரிய வேண்டும்.

இப்போதைய தம்பிகள் செய்வதைப் பார்க்கிறேன். வீட்டில் கணக்கு எழுதுகிறவரின் இரண்டாவது கம்ப்யூட்டரில் டேலி லைசன்ஸ் கிடைக்கவில்லை, அல்லது ஷேர் செய்த பிரிண்டர் தெரியவில்லை. வந்ததும் கண்ட்ரோல் பேனல், ஃபயர்வால் ஆஃப், மூன்று புரொஃபைலிலும். "சரியாயிருச்சு சார்." ஐந்து நிமிஷம், ஐந்நூறு ரூபாய். யூடியூபில் பார்த்த வித்தை. டேலி லைசன்ஸ் சர்வருக்கு 9999ஐ மட்டும், அதுவும் வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்தால் வேலை முடிந்தது. பிரிண்டர் தெரியாததற்கு முக்கால்வாசி நேரம் காரணம், அந்த வைஃபை 'பப்ளிக்' என்று பதிவாகியிருப்பது. 'ப்ரைவேட்' என்று மாற்றினால் தீர்ந்தது.

இன்னொன்று, இவர்களில் ஒருவருக்குக்கூடத் தெரிந்து நான் பார்த்ததில்லை. ஒரு புரோகிராம் முதன்முறை காத்திருக்க முயலும்போது விண்டோஸ் அனுமதி கேட்கும். வீட்டில் யாரோ அவசரத்தில் கேன்சல் அழுத்தியிருப்பார்கள். கேன்சல் என்றால் பிறகு பார்க்கலாம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்வதில்லை. அந்த புரோகிராமைத் தடுக்கும் விதிகளை எழுதிவைத்துவிடும், டிசிபிக்கு ஒன்று, யுடிபிக்கு ஒன்று. அதற்கப்புறம் நீங்கள் எத்தனை அனுமதி விதி எழுதினாலும் பலிக்காது, தடைதான் ஜெயிக்கும். அட்வான்ஸ்டு செக்யூரிட்டி பக்கத்தில் இன்பௌண்ட் பட்டியலில் சிவப்புக் குறியோடு அந்த இரண்டும் நிற்கும். அழித்தால் போதும். அதைத் தேடத் தெரியாதவன்தான் மொத்த ஃபயர்வாலையும் அணைத்துவிட்டு வருகிறான். சர்வீஸ் சார்ஜ் எதற்கு என்று கேட்ட பையனே, இதற்குத்தான்.

"ரவுட்டர் இருக்கே மாமா, நாட் இருக்கே, வெளியிலிருந்து யாரு வரப்போறா?" என்று அக்கா மகன் கேட்கிறான். நாட் என்பது நாம் ஆர்டர் போட்ட பார்சலை மட்டும் வாங்கிக்கொள்ளும் வீடு மாதிரி; கேட்காமல் வருவதை யாருக்கென்று தெரியாமல் திருப்பிவிடும். அதுவரை சரி. வீட்டுக்குள்ளேயே ஒரு லேப்டாப் புழுவைக் கொண்டுவந்தால்? 2017 மே மாதம் வான்னாக்ரை பரவியது இந்த 445 வழியாகத்தான். மார்ச்சிலேயே பேட்ச் வந்திருந்தும். கேமரா மாட்ட வந்தவர் போனில் படம் தெரிய வேண்டும் என்று ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிட்டுப் போயிருந்தால்? டிவிஆரின் பாஸ்வேர்ட் பெட்டியில் வந்ததேதான் இருக்கும். 2016இல் மிராய் என்ற புழு பெரும்பாலும் பிடித்தது அப்படிப்பட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும்தான். யுபிஎன்பி ஆனில் இருந்தால் திறந்துவிட ஆள்கூட வேண்டாம், விளையாட்டு சாஃப்ட்வேரே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

இன்னும் ஒரு படி மேலே போய், நெட் கம்பெனியே 100.64 என்று தொடங்கும் ஐபியைத் தருகிறது, நமக்குச் சொந்த ஐபியே இல்லை, பிறகென்ன பயம் என்பார்கள். ஐபிவி4க்கு அது சரி. அதே லைனில் ஐபிவி6ம் வருகிறதே, அதில் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் உலகம் முழுக்கச் செல்லும் முகவரி கிடைக்கிறதே, அங்கே நாட் கிடையாதே! ரவுட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் ஆனில் இருக்கிறதா என்று பார்த்த தம்பி ஒருவரைக் காட்டுங்கள்.

மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம் என்று போன் செய்து எனிடெஸ்க் போடச் சொல்லும் திருடனை எந்த ஃபயர்வாலும் நிறுத்தாது. நாமே உள்ளிருந்து கூப்பிட்ட தொடர்பு அது. அதற்கு வீட்டுக்காரரிடம் பேசித்தான் ஆக வேண்டும்; நான் பேசுவேன், அதற்கும் நேரம் ஆகும்.

ஃபைபர் இழுக்க வரும் தம்பிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கிளம்பும் முன் ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, ஒரு காகிதத்தில் எழுதி வீட்டுக்காரர் கையில் கொடுங்கள். யுபிஎன்பியை அணையுங்கள். ஐபிவி6 ஃபயர்வாலை ஆன் செய்யுங்கள். இதற்குத் தனியாகக் காசு கேளுங்கள்; கொடுக்கலாம்.