நாக்கில் ஏறிய களிம்பு

புதுச்சேரியிலிருந்து வந்த பேருந்து கூனிமேட்டில் நின்றபோது மழை விட்டிருந்தது. இறங்கியவருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். கையில் ஒரு ரெக்சின் பை. ஆர்மோனியம் பழுது பார்க்கிறவர்.

"குடை எடுத்தாரலையாண்ணே?"

"குடையப் பிடிச்சா பைய யாரு பிடிக்கிறது தம்பி?" என்றபடி என் வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டார்.

கூனிமேடு கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே ஒரு பண்டகசாலை வைத்திருந்தது. அவர்கள் வாயில் ஊர்ப்பெயர் 'கோனிமீர்' ஆனது. 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டை கைக்கு வந்த பிறகு இந்த இடத்தை மறந்துபோனார்கள். நாங்கள் போகவேண்டியது ஊருக்கு வெளியே, உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் குடியிருப்புக்கு. அங்கே சின்னதாக ஒரு சபை. மறுநாள் மாலை பாடல் ஆராதனை. வாசிக்க அவர்களிடம் இருப்பது ஒரே ஒரு கால் ஆர்மோனியம். அதை எல்லாரும் 'ஆர்கன்' என்றுதான் சொல்கிறார்கள்.

நிஜமான குழல் ஆர்கனைப் பார்க்க இங்கிருந்து சென்னைக்குப் போகவேண்டும். 1821இல் எழும்பிய புனித ஆண்ட்ரூ கிர்க் போன்ற பழைய கோயில்களில் இருக்கிறது. கிராமத்துச் சபைகளுக்கு வாய்த்தது அதன் ஏழைத் தம்பி. பாரிசில் அலெக்சாந்தர் தெபேன் 1842இல் காப்புரிமை வாங்கிய ஆர்மோனியத்தில் குழலே கிடையாது. பித்தளை நாக்குகள் காற்றில் துடித்துப் பாடும். 1875 வாக்கில் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதைக் கையால் துருத்தி போட்டு வாசிக்கும் பெட்டியாக்கினார். நம் சங்கீதத்துக்கு ஆகாது என்று 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி அதை உள்ளேயே விடவில்லை. நாடகக் கொட்டகையிலும் சபையிலும் யாரும் அந்தத் தடையைக் கண்டுகொள்ளவில்லை.

சபைக்குப் போய்ச் சேர்ந்ததும் பெரியவர் பெட்டியின் பின்பலகையைக் கழற்றினார். ஈரத்தோல் வாடை. ரீட் பலகையை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். வரிசையாகப் பித்தளை நாக்குகள்; பெரியது என் சுண்டுவிரல் நீளம், சின்னது நகத்தளவு. பாதிக்கு மேல் பச்சை பூத்திருந்தது.

"களிம்பு. உப்புக் காத்து செய்யிற வேலை. கடல் தள்ளியிருக்கிற ஊர்ல ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பார்த்தா போதும். இங்க வருஷத்துக்கு ரெண்டு தடவ."

"புளி போட்டுத் தேய்ச்சா போயிடாதுங்களா?" என்றார் வாசலில் நின்ற பெண்மணி. உப்பு வாருகிறவர், பாடகர் குழுவில் முதல் வரிசை.

"குத்துவிளக்குக்குப் போகும்மா. இதுக்குப் புளி பட்டா நாக்கு இளைச்சிடும். சுருதி ஓடிப்போயிடும்."

அவர் சொன்னதில் அத்தனை கணக்கும் இருந்தது. நாக்கின் நுனியில் களிம்பு ஏறினால் கனம் கூடி சுருதி இறங்கும். நுனியை ஒரு மயிரிழை சுரண்டினால் ஏறும். அடிப்பக்கம் சுரண்டினால் நாக்கு தளர்ந்து இறங்கும். நாக்குக்கு அடியில் மெல்லிய தகட்டைச் செருகி, கூரான ஆணியால் இரண்டு கீறு. மிதி, கேள். மறுபடி ஒரு கீறு. ஒரு கட்டைக்கு இரண்டு ரீட். இரண்டும் ஒன்றாகப் பேசவேண்டும். ஒன்று நொடிக்கு 440, இன்னொன்று 442 என்று துடித்தால் நொடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும். "அலை அடிக்குது பாரு" என்றார். முதலில் எனக்குக் கேட்கவில்லை. பெட்டிமேல் உள்ளங்கையை வைத்ததும் கையில் தட்டியது. அவர் கீறக் கீற அலை நீண்டு, சோம்பி, ஒரு கட்டத்தில் அடங்கிப்போனது.

காற்றுவாக்கில் பாங்கொலி கேட்டது. ஆணியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அது ஓய்ந்த பிறகுதான் அடுத்த கட்டையைத் தொட்டார். உடைந்திருந்த இரண்டு நாக்குகளுக்குப் பதில் பையிலிருந்து புதிதாக எடுத்துப் போட்டார். குஜராத்தில் பாலிதானா சரக்காம். இந்தியப் பெட்டிகளுக்கு ரீட் செய்வதில் பேர்போன ஊர் அது.

இந்தச் சபையில் ஒரு கீபோர்டும் இருந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, உப்பளத்தில் நின்ற தண்ணீர் கோயிலுக்குள்ளும் வந்தது. கீபோர்டு செத்தே போனது. கால் ஆர்மோனியத்தின் துருத்தித் தோல் ஊறிக் கிழிந்தது. தோலை மாற்றியதும் எழுந்துகொண்டது. ஒரு திருப்புளி போதும், உள்ளே இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். கீபோர்டைவிட இது உசத்தி என்று நான் சொல்வதற்கு இசை காரணமில்லை.

மழைக்காலத்தில்தான் இங்கே பாட்டுப் பயிற்சி. அக்டோபரில் மழை பிடித்தால் பாத்தியெல்லாம் நல்ல தண்ணீர், வேலை கிடையாது. அரசு கொடுக்கும் ஐயாயிரம் ரூபாய் மழைக்கால நிவாரணம் எத்தனை நாளைக்கு வரும்? மழை முடிந்தால் வரப்புக் கட்டி, பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தி, தண்ணீர் பாய்ச்சவேண்டும். உப்புத் தண்ணீருக்கு டிகிரி பார்க்கிறார்கள். கடல்நீர் மூன்று, மூன்றரை காட்டும். இருபத்தைந்தைத் தாண்டினால் உப்பு பூக்கும். வெயில் ஏறுமுன் பலகையால் வாரி வரப்பில் சேர்க்கவேண்டும். அந்த மாதங்களில் பாட யாருக்குத் தெம்பு இருக்கும்?

"நம்ம குரலுக்கு இந்த ராகம் எட்டாது ஐயா" என்று முதல் வரிசைப் பெண்மணி ஆர்கன் வாசிக்கிறவரிடம் தீர்த்துச் சொன்னார். அவர் பாமாலைகளை ஒன்றரைக் கட்டை இறக்கிவிட்டார். அச்சடித்த ராகப் புத்தகத்தில் இருப்பது சீமைத் தொண்டைக்கு எழுதிய சுருதி. கீர்த்தனைக்கு வந்தால் அந்தப் பேச்சே இல்லை. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்தே சபைகளில் அது தனி வழி. குழைவு, கமகம் எதுவும் கட்டையில் வராது. அதனால் வாசிக்கிறவர் ஆதார சுருதியைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவார். அப்படி இருக்கத் தெரிந்தவர் கொஞ்சம் பேர்தான்.

மறுநாள் மாலை அறுபது எழுபது பேர். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். முதல் மூன்று பாமாலைகள் நான்கு குரலில் பாடவேண்டியவை, இரண்டில் வந்தன. ஆனால் அடிக்குரல் ஆண்கள் இறங்கிய இடத்தில் ஆர்கனின் பெரிய நாக்குகள் சேர்ந்துகொண்டன, பெஞ்சு அதிர்ந்தது. பெரியவர் கடைசி வரிசையில் குனிந்து தரையைப் பார்த்தபடியே இருந்தார். அவர் கேட்டது பாட்டையல்ல என்று நினைக்கிறேன்.

நான்காவது, கீர்த்தனை. பல்லவி எடுத்ததுமே ஒரு கட்டை ஒட்டிக்கொண்டது. கையை எடுத்த பிறகும் பஞ்சமம் நிற்காமல் ஒலித்தது. வாசிக்கிறவர் நகத்தால் நெம்பினார், எழவில்லை. பெரியவர் பாதி எழுந்துவிட்டார். பெண்கள் பக்கம் யாரும் சட்டைசெய்யவில்லை. அந்தப் பஞ்சமத்தைத் தம்புராவாக எடுத்துக்கொண்டு சரணத்துக்குப் போய்விட்டார்கள். பெரியவர் மெல்ல உட்கார்ந்தார்.

ஆராதனை முடிந்து தேநீர் கொடுக்கும்போது அவர் அந்தக் கட்டையைக் கழற்றி விளக்கடியில் வைத்திருந்தார். ஈரத்தில் மரம் உப்பியிருக்கிறது, அவ்வளவுதான். பையிலிருந்து உப்புத்தாளைக் கிழித்து இரண்டு பக்கமும் தேய்த்தார். முதல் வரிசைப் பெண்மணி குனிந்து பார்த்தார்.

"அதுக்கும் உப்புத்தாளா? எங்கள விடாது போலருக்கே."

பெரியவர் தூளை ஊதிவிட்டுக் கட்டையைப் பொருத்தி, மிதித்து, ஐந்தாறு தடவை அழுத்தி விட்டார். எழுந்து எழுந்து வந்தது. "பஸ் எத்தன மணிக்கு தம்பி?" என்றார்.