சுபாவமா, சுரப்பியா?

"அந்த மாதிரிக் குழந்தைகள் கொஞ்சம் மந்தமாகத்தான் இருப்பார்கள். அது அவர்கள் சுபாவம்!"

எங்கள் உறவினர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. எல்லோரும் நல்லவர்கள், அனுதாபத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இதைப் போல் ஆபத்தான ஆறுதல் வேறு உண்டா என்பது எனக்குச் சந்தேகம்.

விழுப்புரத்தில் இருக்கும் என் பெண்ணின் மூத்த பிள்ளை டவுன் சிண்ட்ரோம் உள்ளவன். நமக்கெல்லாம் 46 குரோமோசோம்கள். அவனுக்கு 21-ஆம் ஜோடியில் ஒன்று அதிகமாகி 47. பிரான்ஸ் தேசத்து லெஜூனும் அவருடைய சகாக்களும் 1959-ல் வெளியிட்ட கணக்கு இது. பெற்றவர்கள் பாவமுமல்ல, கிரகண தோஷமுமல்ல.

விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலைக் கண்டால் குதிப்பான் என் பேரன். விடுமுறைக்குத் திண்டிவனம் வந்தால் எங்கள் வீடு இரண்டு படும். பத்து வயதில் அந்த ஆட்டமெல்லாம் ஓய்ந்தது. எந்நேரமும் தூக்கம், வறண்ட தோல், மலச்சிக்கல், சித்திரை மாதத்தில்கூட மின்விசிறி போட்டால், "குளுருது பாட்டி!" என்பான். "சுபாவம்" என்றார்கள் உறவினர்கள்.

என் பெண் ஒப்பவில்லை. "அம்மா, போன தீபாவளி நிஜார் இடுப்பில் ஏறவில்லை, நீளம் மட்டும் அப்படியே சரியாக இருக்கிறது. சுபாவம் என்றால் போன வருஷமும் இப்படி இருந்திருக்க வேண்டாமா?" என்றாள்.

திண்டிவனத்தில் ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டினோம். கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"தைராய்டு கடைசியாக எப்போது பார்த்தது?"

"பிறந்தபோது பார்த்தார்கள், டாக்டர். சரியாக இருந்தது."

"இந்தக் குழந்தைகளுக்கு அது போதாதம்மா. ஆறாம் மாதம், ஒரு வயதில், அப்புறம் வருஷா வருஷம் பார்க்க வேண்டும்."

தைராய்டு கழுத்தில் வண்ணத்துப்பூச்சி போல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி. வளர்ச்சிக்கும் சுறுசுறுப்புக்கும் அதுதான் எஜமான். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அது சோர்ந்து போவது மற்றவர்களைவிட மிக அதிகம். சில சமயம் உடம்பின் காவல் படையே அதைத் திருடன் என்று நினைத்துத் தாக்கிவிடுகிறது. அறிகுறிகளோ எல்லாம் "சுபாவம்" என்ற போர்வைக்குள் ஒளிந்துகொள்ளும்!

டி.எஸ்.எச்., டி-4 என்ற ரத்தப் பரிசோதனைகள் உண்மையைச் சொல்லின. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தைராக்சின் மாத்திரை, அவ்வளவுதான் வைத்தியம். இரும்புச்சத்து, கால்சியம் மருந்துகளை அதனோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தெளிந்துவிட்டானே என்று நாமாக நிறுத்தவும் கூடாது.

இன்னொன்றும் டாக்டர் சொன்னார்: இக்குழந்தைகளுக்குச் சர்க்கரை வியாதியும் சற்று அதிகம். ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் இளைப்பு இவற்றைக் கண்டால் அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும்.

மாத்திரை 47-ஐ 46 ஆக்கவில்லை. கணக்குப் பாடம் இன்னும் மெதுவாகத்தான் வருகிறது. ஆனால் ரயிலுக்குக் கை ஆட்டுவது திரும்பிவிட்டது, உயரமும் ஏறுகிறது.

மார்ச் 21 உலக டவுன் சிண்ட்ரோம் தினம். உங்கள் வீட்டில் இப்படி ஒரு செல்வம் இருந்தால், காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "தைராய்டு" என்று எழுதி வையுங்கள். யாராவது "சுபாவம்" என்று ஆரம்பித்தால் அந்தக் காலண்டரைக் காட்டுங்கள்!