உப்புத்தாளும் உப்பளமும்

மரக்காணம் தெரியும்ல? சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். வழியா பாண்டிச்சேரி போனா, பாத்தி பாத்தியா உப்பு வெளுத்துக் கிடக்குமே, அந்த ஊர்தான். 2024 ஆவணி மாசத்துல ஒரு சனிக்கிழமை ராத்திரி, அந்த உப்பளத்துக்குப் பக்கத்துல நான், அப்பா, அம்மா மூணு பேரும் நடுரோட்டுல நின்னோம். முன்பக்க இடது டயர் தரையோட தரையா உட்கார்ந்திருந்தது. மறுநாள் காலையில பாண்டியில அண்ணனுக்கு நிச்சயதார்த்தம். அவனும் சொந்தக்காரங்களும் வேன்ல முன்னாடியே போயாச்சு. புடவை, பூ, தட்டு எல்லாம் எங்க டிக்கியில.

ஸ்டெப்னிய எடுத்தா அதுலயும் காத்து இல்ல. அப்பா கிட்ட வண்டி இருந்தவரைக்கும் மாசாமாசம் ஸ்டெப்னி வரைக்கும் காத்துப் பார்ப்பார். நான்... சரி விடுங்க.

பைக்ல போன ஒரு புண்ணியவான் இரக்கப்பட்டு, ஊருக்குள்ளேர்ந்து பஞ்சர் கடைக்காரரைக் கூட்டிட்டு வந்தார். அவர் காத்தடிச்சு, டயர் முழுக்க சோப்புத் தண்ணிய ஊத்தினார். ஆணி, முள்ளு எதுவும் இல்ல. டயரும் ரிம்மும் சேருற விளிம்புல மட்டும் பொடிப்பொடியா நுரை கிளம்புச்சு.

"டயரு நல்லாத்தான் இருக்கு தம்பி. வீலுதான் அரிச்சிருக்கு. யாரு இத உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சது?"

வேற யாரு, அடியேன்தான்.

அது ஒரு பழைய கதை. சேலத்துல இருந்தவரைக்கும் அந்த அலாய் வீல்களுக்கு ஒண்ணும் ஆகல. ஞாயித்துக்கிழமை ஆனா அப்பா ஒரு வாளி தண்ணி, ஒரு பழைய பனியன் துணியோட உட்கார்ந்துடுவார். 2022ல திருவான்மியூருக்குக் குடிவந்தோம். கடல் நடக்கிற தூரம். அப்பாவுக்கு முட்டி வலி வேற, அதனால வண்டி என் கைக்கு வந்தது. கழுவுற வேலைய நான் மழைகிட்ட ஒப்படைச்சுட்டேன்.

ஒரு வருஷத்துல வீல் முகப்புல, லாக்கருக்கு அடியில புழு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடுகள். 2024 பொங்கல் லீவுல உட்கார்ந்து, 400, 800, 1500னு உப்புத்தாளா மாத்தி மாத்தி லாக்கர் மொத்தத்தையும் உரிச்சேன். அப்புறம் மெட்டல் பாலிஷ். நாலு நாள் வேலை. முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு பளபளப்பு!

அப்பா வந்து பார்த்தார். "நல்லா இருக்குடா. மேல என்ன பூசப் போறே?"

"அலுமினியம் துருப்பிடிக்காதுப்பா. நான் இஞ்சினியரிங்ல படிச்சிருக்கேன்."

படிச்சேன்தான். முதல் வருஷ கெமிஸ்ட்ரியில அரிமானம் 16 மார்க் கேள்வி. ஆனா பாதிதான் மண்டையில ஏறியிருக்கு. அலுமினியத்துல காத்து பட்ட உடனே மேல ஒரு ஆக்சைடு படலம் தானா உருவாகும். அதுதான் அதுக்குக் கவசம். தடிமன் வெறும் சில நானோமீட்டர்தான். ஒரு தலைமுடியோட தடிமன்ல பத்தாயிரத்துல ஒரு பங்கு கூட வராது. இந்தப் படலம் தாக்குப்பிடிக்கிறது சுமாரா பி.எச். 4லேர்ந்து 8.5 வரைக்கும். அதுக்குக் கீழ புளிப்பு போனாலும் கரையும், மேல காரம் போனாலும் கரையும். அலுமினியச் சட்டியில புளிக்குழம்பு வைக்காதேன்னு அம்மா சொல்றதும் இதேதான்! உப்பு இன்னும் மோசம். குளோரைடு அந்தப் படலத்துல பலவீனமான இடத்தைப் பார்த்து ஓட்டை போடும், அப்புறம் உள்ளே குழி தோண்டிக்கிட்டே போகும். கடல்காத்துல இருக்கிறதே அதுதானே.

நான் உரிச்சது பளபளப்பைக் கெடுத்த அழுக்கை இல்ல, உப்பைத் தடுத்துக்கிட்டு இருந்த சட்டையை. டயர் விளிம்பு வரைக்கும் உரிச்சதால, உப்புத்தண்ணி டயருக்கும் ரிம்முக்கும் நடுவுல இறங்கி அங்கேயே தங்கிடுச்சு. முகப்பு மங்கினப்பல்லாம் மறுபடி பாலிஷ் போட்டேன். வெளியே பளபள, உள்ளே பொலபொல. பத்து நாளைக்கு ஒரு தடவை காத்து குறைஞ்சப்பவும் வால்வு மேலதான் சந்தேகப்பட்டேன்.

இந்த அனுபவத்துக்கு அப்புறம் படிச்சும் பட்டும் தெரிஞ்சுக்கிட்டது, உங்களுக்காக:

முதல்ல வீல்ல லாக்கர் இருக்கான்னு பாருங்க. கண்ணுக்குப் படாத ஓரத்துல, வெள்ளைத் துணியில துளி பாலிஷ் வச்சுத் தேய்ங்க. துணி கறுத்தா வெறும் உலோகம். கறுக்கலைன்னா லாக்கர், அதைத் தொடாதீங்க. கார் ஷாம்பூவும் மெழுகும் போதும். கல் பட்டு லாக்கர் பெயர்ந்தா உடனே மூடிடுங்க. புழுக்கோடு கிளம்புறது அந்த ஓட்டையிலேர்ந்துதான்.

வெறும் உலோகம்னா, பாலிஷ் போடுறது பாதி வேலைதான். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைச்சுட்டு, மேல மெழுகோ சீலன்ட்டோ பூசணும். கடலோரத்துல இருக்கிறவங்க மாசாமாசம் திரும்பப் பூசுறது நல்லது.

ஆசிட் கலந்த வீல் கிளீனர், சோடா உப்பு ரெண்டும் வேண்டாம். இரும்பு பிரஷ்ஷும் கூடாது. இரும்புத்துகள் அலுமினியத்துல பதிஞ்சா, ஈரத்துல ரெண்டும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி. அரிபடுறது அலுமினியம்தான். பேலன்சிங் பண்ணும்போது விளிம்புல தட்டி மாட்டுற வெயிட்டுக்குப் பதிலா ஒட்டுற வெயிட் கேளுங்க. டயர் மாத்தும்போது ரிம் விளிம்பைக் கண்ணால பார்த்துச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க.

எல்லாத்தையும் விட முக்கியம், வாராவாரம் ஒரு வாளி நல்ல தண்ணி. உப்பு தங்கினாத்தானே வேலை செய்யும்?

மரக்காணத்துல அந்த அண்ணன் டயரைக் கழட்டி, விளிம்புல பூத்திருந்த வெள்ளைப் பொடியைத் தேய்ச்சு எடுத்து, கருப்பா ஒரு பசை தடவி, காத்தடிச்சு விட்டார். (தேய்ச்சதும் உப்புத்தாளாலதான்!) பாண்டி போய்ச் சேர மணி பன்னெண்டரை. பூ வாடல, நிச்சயம் நல்லபடியா நடந்தது. வழி நெடுக அப்பா ஒரு வார்த்தை பேசல. திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

அப்புறம் நாலு வீலையும் சுத்தம் பண்ணி, சில்வர் கலர்ல பவுடர் கோட்டிங் கொடுத்தாச்சு. இப்ப தலை சீவ முடியாது. ஆனா ஏழெட்டு மாசமா காத்து ஒரு புள்ளி கூடக் கூடுதலா இறங்கல. ஞாயித்துக்கிழமை வாளியோட நான் உட்கார்ந்தா, அப்பா பக்கத்துல நாற்காலி போட்டு மேற்பார்வை.

போன வாரம் மெதுவா கேட்டார்: "அந்த 16 மார்க் கேள்விக்கு நீ எவ்வளவுடா வாங்கினே?"

சாய்ஸ்ல விட்டுட்டேன்னு இன்னும் சொல்லல.