காசு குடுத்து ஆள் எடுக்கலாமா? வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு முன் ஒரு வார்த்தை



பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கிறவர்கள் வாசியுங்கள். வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு கழகக் கூட்டம். அங்கே பேசினால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும், பிறகு சொன்ன விஷயம் போய் சத்தம் மட்டும்தான் ஞாபகத்தில் நிற்கும். அதனால் முன்கூட்டியே எழுதி வைக்கிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். நம்மட கழகம் மூன்று வருடமாகத் தோற்றுக்கொண்டே இருக்கிறது. கடினபந்துத் தொடரில் முதல் சுற்றைத் தாண்டவில்லை. இப்போது கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற நம்மட சகோதரர்கள் சேர்ந்து நான்கு இலட்சம் ரூபா அனுப்பியிருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்யட்டும். அந்தக் காசில் வெளியூர் பிளேயர்கள் ஐந்து பேரை எடுத்து இந்த முறை கப்பை அடித்துவிட வேண்டும் என்று ஒரு பக்கம். பொடியன்மாரை வைத்தே விளையாடுவோம், தோற்றால் தோற்போம் என்று இன்னொரு பக்கம். வட்ஸ்அப் குரூப்பில் நடக்கிற சண்டையைப் பார்த்தால் தேர்தல் காலம் மாதிரி இருக்கிறது.

செயலாளர் காக்கா சொல்வதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். "சேர், தோக்குற டீமுக்கு எவன் வருவான்? கிரவுண்டுக்கு வாற பொடியன்மாரே குறைஞ்சிட்டு. ஒரு கப் அடிச்சாத்தான் ஊர் திரும்பிப் பார்க்கும்" என்கிறார். உண்மைதான். பின்னேரம் ஐந்து மணிக்கு மைதானத்துக்குப் போனால் போனைப் பார்த்துக்கொண்டு படியில் இருக்கிறவர்கள்தான் அதிகம்.

நான் இந்தக் கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தவன். காரணம் வேடிக்கையானது. ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் விடுதியில் ஒரு நண்பனின் லெப்டொப்பில் 'மனிபோல்' என்ற படம் பார்த்தேன். அமெரிக்காவின் பேஸ்போல் பற்றியது. விளையாட்டு அன்றைக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் இல்லாத காசில் ஒரு டீமை எப்படிக் கட்டுவது என்ற கணக்கு பிடித்துப்போய்விட்டது. அதிலிருந்து பேஸ்போல் செய்திகளை வாசிக்கத் தொடங்கினேன். நம்மட கழகத்தின் பிரச்சினை அங்கே எல்லா வருடமும் ஏதாவது ஒரு டீமுக்கு வரும். தோற்று விழுந்த டீமைத் திரும்பக் கட்டும்போது விலை கூடிய பிளேயர்களை எடுக்கலாமா, எடுத்தால் எப்போது என்பதுதான் கேள்வி. அங்கே ஒரு வீரர் ஆறு வருட சேவையை முடித்து, ஒப்பந்தமும் முடிந்துவிட்டால் விரும்பிய டீமுக்குப் போகலாம். 'ஃப்ரீ ஏஜன்ட்' என்பார்கள். யார் கூடக் குடுக்கிறார்களோ அங்கே போவார்.

இதில் எனக்கு அதிகம் படிப்பித்தது சிக்காகோ கப்ஸ் என்ற டீம். 1908க்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேலாகக் கிண்ணம் கிடைக்காத டீம் அது. 2011 ஒக்டோபரில் தியோ எப்ஸ்டீன் என்பவரிடம் பொறுப்பைக் குடுத்தார்கள். அவர் அதற்கு முன் பொஸ்டன் ரெட் சொக்ஸை 86 வருடத்துக்குப் பிறகு ஜெயிக்க வைத்தவர். வந்த அடுத்த வருடம் கப்ஸ் 101 போட்டிகளில் தோற்றது. அதற்கடுத்த வருடம் 96. பிறகு 89. ஒரு சீசனுக்கு 162 போட்டி என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று வருடமும் அவர்கள் இளம் பிளேயர்களைத்தான் தேடிச் சேர்த்தார்கள், அவர்களைத்தான் வளர்த்தார்கள்.

ஆனால் இடையில் ஒரு அவசரமும் பட்டார்கள். 2013 சீசன் தொடங்குவதற்கு முன் எட்வின் ஜாக்சன் என்ற பந்துவீச்சாளரை நான்கு வருடத்துக்கு 52 மில்லியன் டொலர் குடுத்து எடுத்தார்கள். அவர் மோசமான ஆள் என்று சொல்ல மாட்டேன், அனுபவம் உள்ளவர். ஆனால் சுற்றி டீம் இல்லை. அந்த வருடம் அவர் கணக்கில் 8 வெற்றி, 18 தோல்வி. அடுத்த வருடம் 6 வெற்றி, 15 தோல்வி. 2015 ஜூலையில் ஒப்பந்தம் முடியும் முன்னரே அவரை விடுவித்துவிட்டார்கள்.

அதே டீம் 2014 டிசம்பரில் இன்னொரு பந்துவீச்சாளரை எடுத்தது. ஜோன் லெஸ்டர், இடதுகை. ஆறு வருடத்துக்கு 155 மில்லியன். ஜாக்சனுக்குக் குடுத்ததில் மூன்று மடங்கு. இந்த முறை காசு வீண்போகவில்லை. என்ன வித்தியாசம்? அந்த நேரம் அந்தனி ரிஸோ நின்றுபிடித்துவிட்டார். கிரிஸ் பிரையன்ட் கீழ் மட்டத்தில் அடித்து நொறுக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறார். டீமின் எலும்புக்கூடு தயார், ஒரு தூண்தான் குறை. லெஸ்டர் அந்தத் தூணாக வந்தார். 2015ல் 97 வெற்றி. 2016ல் கிண்ணம், 108 வருடத்துக்குப் பிறகு.

அந்த இறுதிப் போட்டி நடந்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். 2016 நவம்பர் 3, வியாழக்கிழமை. அங்கே முதல் நாள் இரவு, இங்கே காலை. சுபஹு தொழுதுவிட்டு வந்து போனில் ஸ்கோர் பார்க்கத் தொடங்கினேன். ஸ்கூலுக்குப் போகும்போது கப்ஸ் முன்னுக்கு. இன்டர்வலுக்கு ஸ்டாப் ரூமுக்கு வந்து பார்த்தால், இடையில் 6க்கு 6 என்று சமனாகி, மழை வந்து 17 நிமிடம் ஆட்டம் நின்று, பிறகு 8க்கு 7 என்று முடிந்திருந்தது.

அந்த 17 நிமிடத்தில் நடந்ததைப் பிறகு வாசித்தேன். ஜேசன் ஹேவார்ட் என்று ஒருவர். 2015 டிசம்பரில் எட்டு வருடத்துக்கு 184 மில்லியன் குடுத்து எடுத்த ஆள். துடுப்பாட்டத்தில் அந்த வருடம் படு மோசம். ஆனால் மழைக்கு ஆட்டம் நின்றபோது எல்லோரையும் ஒரு அறைக்குள் கூப்பிட்டு, தலை குனிந்திருந்த பிளேயர்களிடம் பேசித் திரும்ப எழுப்பியது அவர்தான். மழை விட்டதும் வந்த முதல் அடி கைல் ஷ்வார்பருடையது. அவர் கப்ஸே தெரிவு செய்து வளர்த்த பையன். அவருக்குப் பதிலாக ஓடினவர் அல்மோரா, எப்ஸ்டீன் காலத்தில் முதல் முதலாகத் தெரிவான பையன். அந்தப் பையனை அடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தவர் பென் ஸோப்ரிஸ்ட், காசு குடுத்து எடுத்த 35 வயது மூத்தவர்.

எனக்கு இது ஒரு பாடம் போலத்தான் பட்டது. வீட்டுப் பிள்ளை ஓடி முடிக்க, விலைக்கு வந்தவர் உதவினார். இரண்டு பேரும் தேவை. ஆனால் ஓடுவதற்கு வீட்டுப் பிள்ளை அங்கே இருந்திருக்க வேண்டும்.

இனி நம்மட ஊருக்கு வருவோம். நான் ஒரு தவறை ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஏழு வருடத்துக்கு முன் நாம் கப் அடித்தது ஞாபகம் இருக்கிறதா? கழக அறை அலுமாரியில் பெரிதாக நிற்கிறதே, அதுதான். அந்த அரையிறுதிக்கும் இறுதிக்கும் வெளியூரிலிருந்து ஐந்து பேரை எடுத்தோம். வேன் காசு, சாப்பாடு, ஆளுக்கு ஒரு தொகை. கூட்டத்தில் கை உயர்த்தியவர்களில் நானும் ஒருவன். அந்தத் தொடரின் முதல் சுற்றுகளில் நமக்கு அதிகம் விக்கெட் எடுத்தவன் தரம் 11ல் படித்த ஒரு பையன், என்னுடைய மாணவன். இடதுகைச் சுழற்பந்து. அவனுடைய இடத்தில்தான் கொழும்பிலிருந்து வந்தவர் விளையாடினார். இறுதிப் போட்டியைப் பார்க்க அவனுடைய வாப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். மகன் தண்ணீர்ப் போத்தல் தூக்கிக்கொண்டு ஓடுவதைத்தான் அவர் பார்த்தார்.

நாம் ஜெயித்தோம். பட்டாசு போட்டோம். போட்டோவில் நானும் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அடுத்த நாள் அந்த ஐந்து பேரும் அவரவர் ஊரில். அடுத்த வருடம் அவர்களை எடுக்கக் காசில்லை. நம்மட பொடியன்மாரில் நான்கைந்து பேர் வரவுமில்லை. கேட்டதற்கு, "எப்படியும் பெரிய மெட்சுக்கு ஆள் எடுப்பீங்கதானே சேர்" என்றார்கள். இந்த மூன்று வருடத் தோல்வி மூன்று வருடத்துக்கு முன் தொடங்கியதில்லை. அந்தக் கப் அடித்த அன்றைக்கே தொடங்கிவிட்டது என்பதுதான் என் கணிப்பு.

போன கிழமை, எடுக்கக்கூடிய பிளேயர்களின் பட்டியல் குரூப்பில் வந்ததே, அதில் மூன்றாவது பெயரைப் பாருங்கள். ஒரு மெட்சுக்குப் பதினையாயிரம் என்று போட்டிருக்கிறது. அது அந்தப் பையன்தான். பக்கத்து ஊர்க் கழகத்துக்கு இப்போது ஐந்து வருடமாக விளையாடுகிறான். நாம் சும்மா வைத்திருந்ததை இன்றைக்கு விலை குடுத்து வாங்கப் பார்க்கிறோம்.

முந்தநாள் அவனுக்குக் கோல் எடுத்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன், மாப்பும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அதெல்லாம் விடுங்க சேர். ஆனா இந்த டீமுக்கு வாக்குக் குடுத்திட்டன், இந்த சீசன் ஏலா" என்றான். எனக்கு அவன் மேல் மரியாதை கூடியது. போனை வைக்கும்போது, "சின்னப் பொடியன்மார் பந்து போடுறாங்கன்னா சனிக்கிழமை பின்னேரம் வந்து காட்டிக் குடுக்கிறன்" என்றும் சொன்னான். அதற்கு விலை சொல்லவில்லை.

இதனால் வெளியூர் ஆளே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் ஒரு வசதி இருக்கிறது. கடைசியாக வருகிற டீம்களுக்குத்தான் அடுத்த வருடம் புதுப் பையன்களைத் தெரிவு செய்வதில் முன்னுரிமை. பிரையன்ட் கப்ஸுக்குக் கிடைத்ததே அந்த மாதிரித் தோற்றதால்தான். நமக்கு அப்படித் தோல்விக்குப் பரிசு யாரும் தருவதில்லை. தோற்றால் ஆதரவு குறையும், காசு குறையும். அதனால் செயலாளர் காக்காவின் பயம் சரியானது. மருந்தின் அளவில்தான் எனக்குப் பிரச்சினை.

நான் கூட்டத்தில் வைக்கப் போகும் யோசனை இதுதான்:

ஒன்று, பதினொரு பேரில் வெளியாட்கள் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். நமக்கு உண்மையாகவே ஆள் இல்லாத இடத்துக்கு மட்டும். இன்றைக்கு அது விக்கெட் காப்பாளரும் ஒரு வேகப்பந்து வீச்சாளரும்தான்.

இரண்டு, வருகிறவர் மெட்சுக்கு மட்டும் வரக்கூடாது. சீசன் முழுக்க, கிழமைக்கு ஒரு நாளாவது நம்மட பொடியன்மாரோடு நெட்டில் நிற்க வேண்டும். லெஸ்டர் கப்ஸுக்கு வந்தபோது டேவிட் ரொஸ் என்ற மூத்த விக்கெட் காப்பாளர் மாதிரி ஒருவரும் கூடவே வந்தார். இளம் பிளேயர்கள் அவரைத் தாத்தா என்றே கூப்பிட்டார்கள். நமக்கும் அப்படி ஒருவர் வேண்டும்.

மூன்று, நான்கு இலட்சத்தில் பாதிக்குக் குறையாமல் மைதானத்துக்கும் பொடியன்மாருக்கும். கிழிந்த மெட்டிங்கை மாற்ற வேண்டும். நெட் வேண்டும். 15 வயதுக்குக் கீழே ஒரு டீம் வேண்டும்.

நான்கு, முதல் சுற்றில் விளையாடின பையனை இறுதிப் போட்டியில் காசுக்காக உட்கார வைக்கக் கூடாது. இதை எழுத்தில் போட வேண்டும். என்னைப் போன்றவர்கள் அந்த நேரத்து உஷாரில் கை உயர்த்திவிடுவோம்.

இப்படிச் செய்தால் இந்த வருடம் கப் வராமல் போகலாம். அதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு யாரும் ஏமாற்றினார்கள் என்று சொல்லக் கூடாது. காசு அனுப்பிய சகோதரர்களிடமும் ஒரு கேள்வி. கப்பின் போட்டோ வேண்டுமா, இரண்டு மூன்று வருடத்தில் நீங்கள் லீவில் வரும்போது உங்களுடைய தம்பி, மருமகன் விளையாடுவதைப் பார்க்க வேண்டுமா? எதுவானாலும் கமெண்டில் சொல்லுங்கள், கூட்டத்தில் வாசித்துக் காட்டுகிறேன். காசு உங்களுடையது, உங்கள் சொல்லுக்குப் பெறுமதி இருக்கிறது.

வெள்ளிக்கிழமை, இஷாவுக்குப் பிறகு, கழக அறை. என்னோடு உடன்படாதவர்களும் கட்டாயம் வாருங்கள். பொடியன்மாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம், அவர்கள் கதவுக்கு வெளியே நிற்கத் தேவையில்லை.

சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு, இன்ஷா அல்லாஹ், மைதானத்தில் சுழற்பந்துப் பயிற்சி. பந்து நான் கொண்டுவருகிறேன். காட்டிக் குடுக்க வருகிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியும்.