தூர் பிரிக்கும் கை

பூந்தமல்லியைச் சுற்றியுள்ள நர்சரிகளில் கார்ப்பெட் புல்லுக்குத்தான் முன்வரிசை. மேல்மண்ணோடு சேர்த்துச் சீவி எடுத்த பச்சைப் பாய். ஆவடி மனையில் விரித்த அன்றே தோட்டம் முடிந்துவிடும். ஆனால் வேர் விரலளவு ஆழத்தில் இருப்பதால் சித்திரை முழுக்கத் தண்ணீர் கேட்கும். 2019 ஜூனில் செம்பரம்பாக்கம் உட்பட சென்னையின் நான்கு குடிநீர் ஏரிகளும் வறண்டு, குடிக்கவே லாரித் தண்ணீர் வாங்கியவர்கள் நாம். அதற்கு மாற்றாக நான் சொல்வது வெட்டிவேர். நம் மண்ணின் புல். உலகமே இதைத் தமிழ்ப் பெயரால்தான் அழைக்கிறது. ஆனால் ‘வறட்சி தாங்கும்’ என்று எழுதி ஒட்டி விற்பது பாதி உண்மைதான். அந்தத் தாங்குதிறன் தானாக வருவதில்லை. தொழிலாளியின் கையிலிருந்து தொடங்குகிறது.

நர்சரியில் நாற்றுப் பிரிக்கும் வேலையைக் கவனித்தால் இது புரியும். மண் உதறிய தூரைத் திருகி, இரண்டு மூன்று தண்டுகளாகப் பிரிக்கிறார்கள். காய்ந்த மட்டையை உரித்துவிட்டு, இலையை ஒரு சாணாகவும் வேரை நான்கு விரற்கடையாகவும் நறுக்குகிறார்கள். இலை நீண்டிருந்தால் ஈரம் ஆவியாகிப் போகும். வேர் நீண்டிருந்தால் குழியில் மடங்கி அழுகும். தென்னிந்திய வகை விதையால் பெருகுவதில்லை என்பதால், ஒவ்வொரு நாற்றும் இப்படி யாரோ ஒருவர் கையால் பிரித்ததே. களையாகப் பரவாததற்கும் விதையால் பெருகாததே காரணம். 1980களில் உலக வங்கி மண் அரிப்பைத் தடுக்க இந்தப் புல்லைப் பரப்பியது. கர்நாடகத்தின் குண்டலுப்பேட்டைப் பக்கத்து விவசாயிகளோ அதற்கு வெகு காலம் முன்பே வரப்பில் நட்டுவந்தார்கள். நன்கு வளர்ந்தால் வேர் பக்கவாட்டில் ஓடாமல் மூன்று மீட்டர் வரை நேரே கீழே இறங்கும்.

‘தண்ணீரே வேண்டாமா?’ என்றால், முதல் இரண்டு மூன்று மாதம் கட்டாயம் வேண்டும். அதைச் சொல்லாமல் விற்பதால்தான் நட்டது கருகி, பழி புல்லின்மேல் விழுகிறது. புதரில் பாம்பு அடையும் என்ற பயத்தையும் நான் ஒதுக்கமாட்டேன். வாசலை விட்டுத் தள்ளி நட்டு, வருடத்துக்கு இரண்டு மூன்று முறை முழங்காலளவுக்கு அறுத்துவிட வேண்டும். அறுத்த தாள் மூடாக்குக்கு ஆகும். குழந்தைகள் ஓடியாட இது உதவாது, அதற்கு அருகம்புல் இருக்கிறது. அம்பத்தூரின் களிமண்ணில் புல் வளரும், ஆனால் மணக்கும் வேரைத் தோண்டி எடுப்பது பெரும்பாடு. அந்த வியாபாரத்தைக் கடலூர் மணலுக்கு விட்டுவிடலாம். அடுக்குமாடி நிழலிலோ நடவே வேண்டாம், தேறாது. வெயில் விழும் மதிலோரம் உள்ளவர்கள் புரட்டாசிக் கடைசியில் ஒரு சாணுக்கும் குறைந்த இடைவெளியில் நடுங்கள்; ஐப்பசி மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். நாற்று வாங்கும்போது தூர் பிரிக்கும் கூலியில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.