நிலா சிவந்த ராத்திரி

சகோதரிகளே, வெளியில் சொல்ல வெட்கப்பட்டு இத்தனை நாள் மனசுக்குள்ளேயே வைத்திருந்த ஒரு விஷயத்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உங்களில் யாருக்காவது இது உதவினால் சந்தோஷம்.

பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. பிறந்ததிலிருந்தே நான் கிறிஸ்தவள். ஞாயிறு ஆராதனை, சாயங்கால ஜெபம், பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் எதையும் நான் தவறவிட்டதில்லை. பார்ப்பவர்களுக்கு நான் நல்ல விசுவாசி. உள்ளே மட்டும் எல்லாம் வறண்டு கிடந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. 2023-ல் என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. முப்பது வருஷம் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லிக்கொடுத்த வாய் அது. நான் என்ன கேட்டாலும் "ம்" என்ற ஒரு சத்தம்தான் பதில். அத்தைக்குப் பேச்சு திரும்ப வேண்டும் என்று ஆறு மாதம் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கேட்பதையே விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்பதுகூட எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, நடுவில் சமையல், துணி, மகளின் பள்ளிக்கூடம். சாயங்கால ஜெபத்தில் வாய் பாட்டுக்கு வார்த்தைகளை ஒப்பிக்கும். ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்டே விட்டாள்:

"யம்மா, ஜெபம் பண்ணும்போது நீங்க குக்கர் விசிலை எண்ணுதீங்கல்லா?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது உண்மை. கடவுளை மறுக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. சலித்துப் போயிருந்தேன், அவ்வளவுதான். கோபமாவது இருந்திருந்தால் அவரிடம் நாலு வார்த்தை பேசியிருப்பேனே!

2025-ம் வருஷம் செப்டம்பர் 7-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அன்று ராத்திரி முழுச் சந்திர கிரகணம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னார்கள் என்று மகள் ஒரு வாரமாக அதே பேச்சாக இருந்தாள். எனக்கோ தூங்கினால் போதும் என்றிருந்தது. ஆனால் அத்தைக்கு ராத்திரியில் தூக்கம் வராது. தனியே விடவும் முடியாது. "பாட்டியும் பார்க்கட்டும்" என்று மகள் அடம் பிடிக்க, அவரும் நானுமாக அத்தையைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி முற்றத்தில் போட்டோம்.

பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். "ஏ தங்கச்சி, கிரகண நேரத்துல சீக்காளிய வெளிய கொண்டாரலாமா?"

"வெறும் நிழல்தான் அக்கா, பூமியோட நிழல். நீங்களும் வாங்க, பாப்போம்" என்றார் என் வீட்டுக்காரர்.

சற்று நேரத்தில் அந்த அக்காவும், ஜன்னல் வழியாகப் பயந்து பயந்து பார்த்துக்கொண்டிருந்த அவருடைய கர்ப்பிணி மருமகளும் எங்கள் முற்றத்துக்கே வந்துவிட்டார்கள். (சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்க்கலாம், கர்ப்பிணிகளுக்கும் அதனால் கெடுதல் இல்லை. சூரிய கிரகணத்தைத்தான் வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாது.)

பத்து மணிவாக்கில் நிலாவின் ஓரத்தை யாரோ கடித்தது போலிருந்தது. பதினொன்று அடித்தபோது முழுவதும் மறைந்து, தேய்த்து வைத்த செப்புக்குடம் போலச் சிவந்து நின்றது. நடுவில் மேகம் வந்து மூடும், பிறகு விலகும். 82 நிமிஷம் அந்தச் சிவப்பு இருந்தது.

"எதுக்கு சிவப்பா இருக்கு தெரியுமா?" என்று மகள் விளக்கினாள். சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவில் பூமி வந்து மறைக்கிறதாம். ஆனால் பூமியைச் சுற்றியுள்ள காற்று சூரிய வெளிச்சத்தைக் கொஞ்சம் வளைத்து அனுப்புகிறதாம். நீலம் வழியிலேயே சிதறிவிட, சிவப்பு மட்டும் நிலாவைப் போய்ச் சேருகிறதாம். "அதாவது யம்மா, இந்த நேரத்துல உலகத்துல எங்கெங்க விடியுதோ, எங்கெங்க பொழுது அடையுதோ, அத்தனை வெளிச்சமும் சேர்ந்துதான் அதுமேல விழுது!"

எனக்கு உடம்பு புல்லரித்தது. எத்தனையோ ஊர்களின் காலையும் மாலையும் எங்கள் முற்றத்துக்கு மேலே நிற்கிறது. நான் என்னடாவென்றால் நாளைய மாவுக்கு உளுந்து ஊறப்போடவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன்!

அப்போதுதான் அது நடந்தது. அத்தையின் இடது கை கட்டில் சட்டத்தில் மெல்லத் தாளம் போட்டது. பிறகு ஒரு முனகல். கூர்ந்து கேட்டால், அது ராகம். ஞாயிறு பள்ளியில் அவர்கள் சொல்லிக்கொடுக்கும் பழைய கீர்த்தனை. மகள் கூடச் சேர்ந்து பாடவும், ராகத்தின் நடுவே இரண்டு மூன்று வார்த்தைகள் தெளிவாக வந்தன. இரண்டு வருஷத்துக்குப் பிறகு வந்த வார்த்தைகள்! நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அடுத்த வாரம் டாக்டரிடம் ஓடினேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறதம்மா. பாட்டுக்கு வலது பக்கமும் உதவுகிறது. அதனால் பேச முடியாத சிலர் பழகின பாட்டைப் பாடிவிடுவார்கள்" என்றார்.

முதலில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அற்புதம் என்று நினைத்தது, பாடப் புத்தகத்தில் உள்ள சங்கதியாகிவிட்டதே! பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்தேன். நிலா ஏன் சிவந்தது என்று தெரிந்த பிறகு என் பிரமிப்பு குறைந்ததா? கூடத்தானே செய்தது! முன்வாசல் அடைபட்டாலும் பின்வாசல் ஒன்று இருக்கட்டும் என்று அந்த மூளையைப் படைத்து வைத்தாரே, அது அற்புதம் இல்லையா?

அன்று ராத்திரி யோபுவின் புத்தகத்தை எடுத்தேன். பல தடவை வாசித்ததுதான். தன் பாடுகளுக்கு யோபு காரணம் கேட்கிறான். கடவுளோ நட்சத்திரங்களையும், உறைபனியையும், வரையாடுகள் குட்டிபோடும் காலத்தையும் பற்றி அவனிடம் பேசுகிறார். 'ஏன்' என்பதற்குப் பதிலே இல்லை. முன்பெல்லாம், இது என்ன பதில் என்று எனக்குத் தோன்றும். இப்போது, அவர் யோபுவைக் கட்டிலோடு தூக்கி முற்றத்தில் போட்டார் என்று தோன்றுகிறது.

அத்தைக்கு இன்னும் பேச்சு வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் சில நாள் பழைய சலிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் எங்கள் சாயங்கால ஜெபம் மாறிவிட்டது. முன்பு விண்ணப்பப் பட்டியலோடு ஆரம்பிப்போம். இப்போது முதலில் பாட்டு. அத்தை ராகம் எடுக்க, நாங்கள் சேர்ந்து பாடுவோம். பாட்டு முடிந்ததும் அன்று பார்த்த ஆச்சரியம் ஒன்றை ஆளுக்கு ஒன்றாகச் சொல்ல வேண்டும். இது மகள் போட்ட சட்டம்.

போன வாரம் நான் சொன்னது இட்லி மாவை. ராத்திரி அரைப்பாத்திரமாக இருந்தது, காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. உளுந்திலேயே ஒட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் நாம் தூங்கும்போது செய்கிற வேலை. பரலோக ராஜ்யத்தை, ஒரு பெண் மாவில் வைத்த புளிப்புக்கு இயேசு ஒப்பிட்டுச் சொன்னதைச் சின்ன வயசிலிருந்தே படித்திருக்கிறேன். தினமும் மாவு கரைக்கிற கைக்கு அது ஒரு நாளாவது ஞாபகம் வந்ததா?

ஜெபம் வறண்டுவிட்டதே என்று தவிக்கிற சகோதரி யாராவது இருந்தால், உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். இன்று ராத்திரி வேலையெல்லாம் முடிந்ததும் ஐந்து நிமிஷம் வாசலில் வந்து நின்று மேலே பாருங்கள். ஒன்றும் கேட்க வேண்டாம். பார்த்தால் போதும்.

குக்கர் விசிலை நான் இன்னும் எண்ணத்தான் செய்கிறேன். ஜெபம் முடிந்த பிறகு!