சுவர் இருவருக்கும் சொந்தம்



இங்கிலாந்தில் வேலை பார்க்கும் நம் பள்ளி மாணவன் ஒருவன் பாத் நகரத்துப் படம் அனுப்பி, "டீச்சர், நம்ம ஊர் அக்ரஹாரம் மாதிரியே இருக்குல்ல?" என்று கேட்டிருந்தான். சரியாகத்தான் கேட்டிருக்கிறான்.

படத்தில் இருப்பது ராயல் கிரசண்ட். 1767 முதல் 1774 வரை கட்டப்பட்டது. பிறை வடிவத்தில் 30 கல் வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டியபடி. முகப்பு எல்லாம் ஒரே மாதிரி. ஆனால் முகப்புக்குப் பின்னால் அவரவர் வசதிப்படி கட்டிக்கொண்டார்கள். பின்பக்கம் போய்ப் பார்த்தால் ஒன்று போல் இன்னொன்று இராது.

வத்திராயிருப்பின் பழைய வீடுகளிலும் இதே கணக்குதான். கல்லுக்குப் பதில் இங்கே செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ரயில் பெட்டி போல நீளும். இரண்டு பக்கமும் அடுத்த வீடு இருப்பதால் ஜன்னல் வைக்க வழியில்லை. அதனால்தான் நடுவில் முற்றம் விட்டார்கள். வெளிச்சம் அதன் வழியே இறங்கும், சூடான காற்று அதன் வழியே வெளியேறும். பக்கச் சுவரில் வெயிலே படாததால் சித்திரையிலும் கூடம் குளுகுளுவென்று இருக்கும்.

இந்த வசதிக்கெல்லாம் ஆதாரம் நடுச்சுவர். பல வீடுகளில் அது ஒரே சுவர்தான். இந்த வீட்டு உத்தரமும் அந்த வீட்டு உத்தரமும் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். உங்கள் மேஜையில் நிற்க வைத்த நோட்டுகளை நினைத்துப் பாருங்கள். நடுவில் ஒன்றை உருவினால் பக்கத்தில் இருப்பது சாயும்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு எங்கள் பக்கத்து வீடு கைமாறியது. ஒரு நாள் காலையில் ஜேசிபி வந்து நின்றது. எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தனை காலம் உள்சுவராக இருந்தது அன்றைக்கு வெளிச்சுவராகிவிட்டது. மழை தாங்குகிற பூச்சு அதற்குக் கிடையாது. ஐப்பசி அடைமழையில் கூடம் வரை ஓதம் ஏறியது. உத்தரத்தின் நுனி இற்றுப்போய், முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறோம். அந்தப் பக்கம் இடிக்கும்போதே பூசியிருந்தால் நாலு நாள் கொத்தனார் வேலை.

இங்கிலாந்தில் இதற்கென்றே 1996இல் ஒரு சட்டம் போட்டார்கள். பொதுச்சுவரில் கை வைப்பதற்கு இரண்டு மாதம் முன்பே பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் சர்வேயர் வந்து பார்த்து முடிவு சொல்வார்.

புது வீடு கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊரில் பூர்வீக வீடு வைத்திருக்கும் பிள்ளைகளே, விற்றாலும் இடித்தாலும் முதலில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். வெளியே தெரியப்போகும் சுவருக்குப் பூச்சு பூசும் செலவையும் உங்கள் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் பெரும்பாலும் வயதானவர்கள்தான் இருக்கிறார்கள்.